மச்சானின் குரலில் ஒரு மனை விளம்பரம்

என் பிரியமான மச்சானுக்கு,

நீங்கள் இறந்து போன பிறகும் சங்கரன்கோவில் தெருக்களில் உங்கள் குரல் கேட்டது. கேட்க வைத்தவன் நான். இதை எழுதக் கை கூசுகிறது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொல்லிச் சொல்லியே ஊரின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர் நீங்கள். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் மனை விளம்பரம் வாசிக்க மாட்டீர்கள். திருவேங்கடம் சாலையில் மனை போட்டவர்கள் போன மாதம் நம் ரெக்கார்டிங் கடைக்கு வந்து, உங்கள் குரல்தான் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் குரலை அப்படியே செய்து தரும் ஏஐ ஒன்றுக்கு உங்கள் பழைய பதிவுகளைக் கொடுத்தேன். நீங்கள் ஒருநாளும் சொல்லாததை, உங்கள் இழுப்போடு அந்த ஏஐ சொன்னது. நான் பத்திரத்தைக் கேட்கவே இல்லை.

அக்கா காய்கறி வாங்கும்போது விளம்பர ஆட்டோ கடந்து போயிருக்கிறது. பையைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்திருக்கிறாள். என்ன சொல்கிறது என்பது பிறகுதான் காதில் ஏறியதாம்.

உங்கள் மகள் நஸ்ரின் போன் செய்து, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் மாமா என்று கேட்டாள். போனை வைத்துவிட்டுத் தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். இணையத்தில் போடுகிற செயற்கைக் குரலுக்கு அடையாளம் வேண்டும் என்று அரசாங்கம் விதி வைத்திருக்கிறது, ஆட்டோ ஒலிபெருக்கிக்கும் இறந்தவர் குரலுக்கும் நேரடியாக ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் அவர். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மச்சான், செய்த காரியத்தைவிட அந்த நிம்மதிதான் இன்று என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.

அக்கா முன்னால் போய் நின்றேன். கேட்க மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன்.

“நீ மறக்கல. கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னு ஒனக்குத் தெரியும். அதான் கேக்கல.”

அவள் அழவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை.

இந்த ஏஐயே கெட்டது என்று எப்படிச் சொல்வேன்? தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சுப் போன டெய்லர் ஒருவருக்கு, கல்யாண வீடியோவில் இருந்த அவர் குரலை எடுத்துக் கொடுத்தேன். போனில் எழுத்தைத் தட்டினால் இப்போது அவர் குரலிலேயே பேசுகிறார். முதல் வார்த்தையாக வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் அவர் கேட்டு வந்தார். நீங்கள் கேட்டீர்களா?

என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன். மனைக்காரர்களிடம் பிரதி இருக்கிறது, நிறுத்த மாட்டோம் என்கிறார்கள். சட்டத்தில் தடையில்லை என்று நிம்மதிப்பட்டவன், இப்போது அவர்களை நிறுத்த ஒரு சட்டம் இல்லையா என்று அதே வக்கீல் வாசலில் நிற்கிறேன். நீங்கள் இறந்தது தெரியாத பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர், “அண்ணாச்சியே சொல்லுதாரே” என்று மனை பார்க்கப் போனாராம்.

இறந்தவர் குரலை எடுக்க வீட்டாரின் சம்மதம் கட்டாயம் என்று விதி செய்யச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுவேன். அதுவரை சும்மா இருக்க மாட்டேன். நாளைக் காலை அதே தெருக்களில் ஆட்டோவில் வருவேன். அது நீங்கள் பேசியதல்ல, செய்தவன் நான் என்று என் பெயரைச் சொல்லி, என் கட்டைக் குரலிலேயே சொல்வேன். இது சத்தியம்.

தலை நிமிராமல்,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி