கறிமீனுக்கு நீட்டிய காசு

ஆடி 14, சனி

நிலாவெளிச் சம்மாட்டியார் எனக்கு மீன் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிழை என்னுடையது. காலையிலிருந்து கச்சான் காற்று, கண்ணுக்குள் மணல்.

அடுத்த மாதத்திலிருந்து துறைமுக வேலையாட்களின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நாள்தோறும் மீன் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பட்டினக் கரையில் சண்டைக்காகப் பட்டாளம் போட்ட முள்ளுக்கம்பி, வலை போட இடமில்லை. நிலாவெளியில்தான் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கும் கரைவலை. பெரிய வலை சந்தியாப்பிள்ளைச் சம்மாட்டியாருக்குச் சொந்தம். அவர் தலையாட்டாவிட்டால் அந்த ஒப்பந்தம் கொழும்புக்காரன் ஒருவனுக்குப் போகும். அவன் ஒரு கிழமையாக றெஸ்ற் ஹவுஸில் கோழி தின்றுகொண்டு காத்திருக்கிறான்.

என் மனைவி தங்கத்தையும் லொறியில் கூட்டிப் போனேன். கடலில் குளிக்க வேண்டுமாம். குளித்தாள். கச்சான் தரையிலிருந்து வீசும் காற்று, அதனால் கடல் குளம்போல. வலை கரையேறியது, நல்ல பாரை. சம்மாட்டியார் இரண்டு பெரிய பாரையைத் தூக்கி அவளுடைய கூடைக்குள் போட்டார். "கறிக்குக் கொண்டு போங்கோ பிள்ளை." நான் ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன்.

தாளைப் பார்த்தார். கூடைக்குள் கையை விட்டு இரண்டு மீனையும் எடுத்துக் குவியலில் போட்டார். "விலைக்கெண்டால் அங்கை ஏலம் நடக்குது. போய்க் கேளுங்கோ." மொத்தமாக மீன் வாங்கும் கதையை எடுத்தேன். "ஏலாது" என்றார். வலைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பின்னால் ஒருத்தன்: "முதலாளி கடலுக்கும் தராசு கொண்டு வந்திருக்கிறார்."

பன்னிரண்டு வயதில் மூட்டை சுமந்தவன் நான். சும்மா வாங்கிப் பழக்கமில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. இதிலென்ன குற்றம்?

உப்புவெளி தாண்டியதும் தங்கம் வெறுங்கூடையை லொறிக்கு வெளியே கவிழ்த்து மணலைத் தட்டினாள். பிறகு, "நல்லாத்தான் பழகிறியள்."

வீட்டில் கத்தரிக்காய்.

ஆடி 15, ஞாயிறு

காற்றுக் குறைவு. ஞாயிறு என்பதால் வலை இல்லை, சம்மாட்டியார் கோயிலுக்குப் போவார்.

கிண்ணியாவிலிருந்து காசிம் வந்தான். எருமைத் தயிர் இரண்டு சட்டி, தேன் ஒரு போத்தல். இருபது வருடச் சிநேகிதம். கடை தொடங்கியபோது முதலில் நம்பிச் சாமான் தந்தவன். மதியம் உண்டது: இடியப்பம், இறால் குழம்பு, கணவாய்ப் பொரியல், மாசிச் சம்பல், தயிரும் தேனும். கூப்பன் அரிசி இந்தக் கிழமை நாற்றம், அதனால்தான் இடியப்பம். காசிம் பதினாறு தின்றான். நான் எண்ணவில்லை, தங்கம் எண்ணினாள்.

மாலை கடற்கரையில் முள்ளுக்கம்பி ஓரமாக நடந்தோம். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பெடியள் வெயிலில் வெந்து இறால் நிறத்தில் பந்தடிக்கிறார்கள். பட்டினமே கூடி நின்று பார்க்கிறது. சண்டைக்காலத்தில் இவ்வளவு சந்தோஷம் கூடாதுதான். ஆனாலும் இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொன்னேன். காசிம் நின்றுவிட்டான்.

"என்ன முதலாளி இது? கயித்துல கை வெச்சவனுக்குத்தான் கறிமீன். நீங்க கை வெக்காமலே தந்திருக்கார். வீட்டு ஆளா நெனச்சிருக்கார். சோறு போட்ட எலைக்குக் காசு வெச்ச மாதிரி செஞ்சிட்டீங்க."

"இனி என்ன செய்யிறது? ஒரு பட்டுச் சால்வை கொண்டு போகட்டே?"

"கொண்டு போங்க. அதையும் ஏலத்துல போடுவார்."

கொஞ்சத் தூரம் போய், "வெறுங்கையோட போங்க. சறத்த மடிச்சுக் கட்டுங்க" என்றான்.

ஆடி 17, செவ்வாய்

மு.ப. 5.30க்குக் கரையில். நேற்றுப் போகவில்லை, பெற்றோல் மிச்சம் பிடித்தேன். சட்டையை லொறியிலேயே கழற்றி வைத்தேன். காசும் சட்டையோடு.

யாரிடமும் கேட்காமல் கயிற்றைப் பிடித்தேன். தும்புக் கயிறு, ஈரம். ஐந்தே நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது. "முதலாளி, காலை ஊண்டி இழுங்கோ. கயிறு உங்களை இழுக்குது." சிரிப்பு. நானும் சிரித்தேன். இரண்டு மணித்தியாலம். சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஆகாய விமானங்கள் மூன்று தலைக்கு மேலால் போயின, ஒருவரும் நிமிரவில்லை. வலைதான் கண்.

வந்தது: சின்னச் சூடை மீன் நிறைய, கொஞ்சம் பாரை, ஒரு திருக்கை, தொட்டால் தோல் அரிக்கும் சொறிமுட்டை ஒரு குவியல்.

சம்மாட்டியார் இரண்டு கை சூடையை அள்ளி நீட்டினார். பாரை இல்லை. மடியில் ஏந்திக்கொண்டேன். மடியை முடிந்து கட்டினேன்.

அவருடைய மனுசி ரோசம்மா வாடிக் கொட்டிலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். "தம்பி, இருந்து தின்னுங்கோ." மரவள்ளிக்கிழங்கு, சுட்ட சூடை, பச்சைமிளகாய்ச் சம்பல், பூவரசம் இலையில். கை எரிய எரியத் தின்றேன். றெஸ்ற் ஹவுஸ் கோழி கிட்டவும் வராது. வியாபாரக் கதை நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் விலை பேசாமல் ஒருவர் பக்கத்தில் இருந்ததில்லை.

புறப்படும்போது சம்மாட்டியார், கடலைப் பார்த்துக்கொண்டே: "வியாழன் வாங்கோ. வீட்டில அவவையும் கூட்டி வாங்கோ."

கைக்கு நல்லெண்ணெய். தங்கம் பூசிவிட்டாள், சிரித்துக்கொண்டு.

ஆடி 19, வியாழன்

கச்சான் மறுபடி. தங்கமும் ரோசம்மாவும் வாடியில் நண்டு காய்ச்சினார்கள். கல்யாண வீட்டுச் சத்தம். நான் கயிற்றில். கை பழகிவிட்டது.

வலை பாதி வரும்போது கொழும்புக்காரன் வந்தான். சப்பாத்து, தொப்பி. ஏல விலைக்கு மேல் காற்பங்கு கூட்டித் தருவதாக எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். அவ்வளவுக்கு ஏற என்னால் ஏலாது. ஏறினால் சாப்பாட்டுக் கூடத்தில் நட்டம். கயிற்றை விடவும் முடியாது, விட்டால் எல்லாம் போச்சு. இழுத்துக்கொண்டே நின்றேன்.

சம்மாட்டியார் அவசரப்படவில்லை. "இந்தா இவரும் காசு நீட்டினவர்தான். பிறகு வந்து கயிறு பிடிச்சவர். நீரும் பிடியும், பாப்பம்."

அவன் பிடித்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். சப்பாத்தோடு அலைக்குள் இறங்கிப் பத்துப் பாக நீளக் கயிறு இழுத்தான். பிறகு கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். ஒருத்தன், "தம்பி, கடலுக்குள்ளதான் நிக்கிறீர்." அவனே சிரித்துவிட்டான். எங்களோடு இருந்து நண்டு தின்றான். நல்ல பெடியன்தான், சம்பளத்துக்கு வந்தவன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சம்மாட்டியார் என்னைக் கூப்பிட்டார். "கூட்டித் தாற காசு எத்தினை நாளைக்கு? சண்டை முடிஞ்சால் அவர் போயிடுவார். நீங்கள் எங்கை போவியள்?"

"எங்கையும் போகன். இஞ்சதான்."

"ஓம். அதுதான்."

பேசி முடித்தது: ஞாயிறு தவிர எல்லா நாளும் வலையில் பாதி எனக்கு, மற்றப் பாதி ஏலத்துக்கு, கொழும்புக்காரனும் கேட்கலாம். விலை அன்றன்றைய ஏல விலை, கூடாது, குறையாது. கயிறு பிடித்தவர்களின் கறிமீன் எடுத்த பிறகுதான் என் பாதி அளக்கப்படும். லொறி மணலில் இறங்கக்கூடாது. கிழமைக்கு ஒருநாள் நான் கயிறு பிடிக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த கிழமை மீன் இல்லை.