பேனரில் ஓர் ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்

அலுவலக வாசலில் புதுப் பேனர். பத்தடிக்கு ஆறடி. டெய்லர் அண்ணனும் மெக்கானிக்கும் கைகுலுக்குகிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘மன்னித்தோம், ஒன்றானோம்’. படம் நான் எடுத்தது. வெள்ளிக்கிழமை, நிதி கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்களாம். எங்கள் அமைப்பை நடத்தும் மேடத்துக்கு ஒரே பெருமை. எனக்கும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 4, புதன்

டெய்லர் அண்ணன் பேனருக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து கேட்டது ஒன்றுதான்.

“நான் எப்பம்மா மன்னிச்சேன்?”



போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் இரண்டு தெருவும் அடித்துக்கொண்டபோது அவருடைய கடை எரிந்தது. நாலு தையல் மிஷின், ஊரார் தைக்கக் கொடுத்த துணி, எல்லாம் போச்சு. பெட்ரோல் கேன் மெக்கானிக் கடையிலிருந்து போனது. அவன் ஊற்றவில்லை, எடுத்துக் கொடுத்தான். பதினாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் இரண்டு தெருக்காரர்களையும் வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம். அண்ணன் வருவார், கேட்பார், போவார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு ஏன் கை கொடுத்தார்? நான் கேட்டேன், கொடுத்தார். எங்கள் அறிக்கைப் படிவத்தில் ‘நல்லிணக்கத்துக்கான சான்று’ என்று ஒரு கட்டம். ஏழு மாதமாகக் காலி. “அண்ணே, சும்மா ஒரு போட்டோவுக்கு” என்றேன். சும்மாவாம் — என் வாயைத்தான் தைக்கணும்.

“இனி நான் வரல. எங்க தெருவுல வேற யாரும் வருவாங்கன்னும் தோணல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 5, வியாழன்

பேனரை இறக்கச் சொன்னேன்.

“அடிச்சு மாட்டியாச்சு. ஒரு போட்டோவுக்காக இத்தனை மாச வேலையைக் கெடுக்கப் போறியா?” என்றார் மேடம்.

எங்கள் அமைப்பின் கொள்கைகள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன. முதல் வரியில் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். ‘அவரவர் கதை அவரவருக்கே சொந்தம்.’ எழுதியது மேடமேதான்.

“இந்த வாய்தான் உன்னைக் கெடுக்குது.”

கெடுக்கட்டும். கட்டத்தை நிரப்பியது நான், பேனரை இறக்குவதும் நானே. வேலை போனால்? போகட்டுமே. வேறு எங்கே போவேன் என்று தெரியவில்லை, அது வேறு விஷயம்.

சாயங்காலம் ஏணி போட்டு இறக்கி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். முன்னறையில்தான் இப்போது தைக்கிறார். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

“தப்பு என்னோடதுண்ணே. உங்க படம், நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க.”

அவர் பேனரை வாங்கினார். தரையில் விரித்தார். பெரிய கத்தரிக்கோலை எடுத்து முதலில் மேலே இருந்த எழுத்தை வெட்டி எறிந்தார். பிறகு தன்னை மட்டும் வெட்டி எடுத்தார். தலை, தோள், கை, விரல் நுனிவரை ஒரு பிசிறு இல்லை. அதை மடித்து மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டார்.

“மிச்சத்தைக் கொண்டுபோய் மாட்டு. அது பொய் இல்ல.”

மார்ச் 6, வெள்ளி

மாட்டினேன். மெக்கானிக் கையை நீட்டி நிற்கிறான், எதிரே ஆள் வடிவில் ஓட்டை. மேடம் கவனிப்பதற்குள் விருந்தாளிகள் கார் வந்துவிட்டது. இது என்ன ஓட்டை என்று கேட்டார்கள். அண்ணன் கதையை நான் சொல்லவில்லை, என் தப்பை மட்டும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். என்னத்தைக் குறித்தார்களோ.

மாலையில் மேடம் மெமோ கொடுத்தார். நாலாய் மடித்துப் பையில் வைத்தேன். மாட்டினது மாட்டினதுதான்.

மார்ச் 7, சனி

அண்ணன் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. மெக்கானிக் வந்தான், பேனரைப் பார்த்தான், திரும்பிவிட்டான்.

மார்ச் 14, சனி

யாருமே இல்லை. ஆனாலும் பதினெட்டு நாற்காலியையும் போட்டு வைத்தேன்.

மார்ச் 28, சனி

மெக்கானிக் விறுவிறுவென்று வந்தான். “அக்கா, என்னையும் வெட்டி எடுத்துடுங்க. வர்றவன் போறவன்லாம் கிண்டல் பண்றான். ஒத்தக் கையை நீட்டிக்கிட்டுப் பைத்தியக்காரன் மாதிரி நிக்கிறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். டெய்லர் அண்ணன். நேராக வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அது இருக்கட்டும்” என்றார், அவனிடமே. “நீ நீட்டிக்கிட்டே இரு. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

இத்தனை மாதத்தில் அவனிடம் அவர் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை. மெக்கானிக் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

இந்த மாத அறிக்கையில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.