மாமரத்துக் கூடுகள்

பெரியகல்லாறு
20.06.2025

அன்பு மகள் சர்மிலாவுக்கு அப்பா எழுதுவது. கனடாவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க அந்தோனியாரைத் தினமும் மன்றாடுகிறேன், எனக்கும் குறைவில்லை, சமைத்துச் சாப்பிடுகிறேன். அம்மா கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசை நேற்று முடிந்தது. விசா கிடைக்காமல் நீ வரமுடியாமற் போனதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் அதை நினைத்து மனதை வதைக்காதே. வாவியில் இறால் படுகிறதாம், நான் இன்னும் தோணியில் ஏறவில்லை.

போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன். போன ஒக்டோபரில் கிணற்றடி மாமரத்தில் புழு கூடு கட்டியதை வீடியோவில் காட்டினேனல்லவா. பூச்சி முட்டையிட்டுப் போக, பொரிக்கிற புழுக்கள் நூல் விட்டு ஏழெட்டு இலையைச் சேர்த்துப் பிணைத்து, உள்ளே கூட்டமாயிருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும், நரம்பு மட்டும் மிஞ்சி இலை கருகிப்போகும். அந்த நேரந்தான் அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கியது. அவள் உடுப்புக் காயப்போடும் கொடி அந்த மரத்தடியில்தான், பட்டால் அரிக்கிற மயிர்க்கொட்டிப் புழு உடுப்பில் பட்டிருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன், பக்கத்து வீட்டு சதீஸும் ஓம் என்றான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், நீளக் கம்பில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றி ஒவ்வொரு கூடாகக் கொளுத்தினேன். இஞ்சாருங்க, எனக்கு உள்ளுக்குள்ளதான் என்னவோ செய்யுது, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம் என்று அம்மா சொன்னாள். புழு பட்டதுக்கு ஆரும் டொக்டரிட்டப் போவாங்களா என்று நான் சிரித்தேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவன் நான், உனக்குத் தெரியாததா. மரத்தில் ஒரு கூடும் இல்லாமற் போன பிறகும் அவள் சொறிந்துகொண்டுதான் இருந்தாள், நான் கொடியை இடம் மாற்றிக் கட்டினேன். இப்படியே மூன்று மாதம் போக்கி, கண் மஞ்சளான பிறகுதான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பித்தக் குழாயில் கட்டி, அது அடைத்தாலும் உடம்பு இப்படித்தான் அரிக்கும், தொடக்கத்திலேயே வந்திருக்கலாமே என்று டொக்டர் கேட்டார். திடீரென்று வந்த நோய் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன், அது பொய் மகள்.

இப்போது மரத்தில் திரும்பக் கூடு வந்திருக்கிறது. இன்று காலை ஒன்றைப் பிரித்தேன். புழு துள்ளி நூலில் இறங்கியது, பிடித்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். அது மயிர்க்கொட்டியே இல்லை, வெறும் பச்சைப் புழு. முழங்கை வரை ஊரவிட்டேன், கழுத்திலும் விட்டுக்கொண்டு மத்தியானம் வரை கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தேன். ஓரிடத்திலாவது அரிக்கட்டும் என்று அந்தோனியாரைக் கெஞ்சினேன். அரிக்கவில்லை.

நீ எவ்வளவும் ஏசு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உனக்கு உடம்பில் ஏதும் செய்தால், மருமகன் என்ன காரணம் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே டொக்டரிடம் போ. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மாவின் சொல்லைக் கேளாத,
அப்பா டொமினிக்