ரௌட்டர் என் அறையில் இருக்கிறது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வானம் மூடியிருந்தும் ஒரு சொட்டு இல்லை. லேப் திறப்பதற்கு முன்பே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசை. ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, ஹேர்பின், அண்ணி போனுக்கு சார்ஜர் வயர்.

ஆறு மணிக்கு எங்கள் ஊர் இண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, முகம்கூடக் கழுவாமல் போனை எடுத்துக்கொண்டு அண்ணி அறைக்குப் போனேன். தினமும் நாங்கள் இருவரும் போனில் தீவு கேமில் குதிக்கிற நேரம் அது. அண்ணி ஏற்கெனவே ஹெட்செட் மாட்டி ஆடிக்கொண்டிருந்தார். வேறு கேம். யாரோடோ கன்னடத்தில் பேச்சு, சிரிப்பு. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். ஒரு நிமிஷமாம். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அம்மா ஹாலிலிருந்து: “இன்னிக்கி என்னா, ஒருத்தி உள்ள, ஒருத்தி வெளிய?”

நாளைக்கு சார்ஜர் வயரும் வாங்கப் போவதில்லை.

ஜூன் 4, புதன்

நேற்று கோபத்தில் தூக்கம் தள்ளிப் போயிற்று. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்த ஊர். அங்கே வீட்டில் கன்னடம். அண்ணன் பெங்களூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் போய்விடுவான். முதல் வருஷம் எங்களுக்குள் பேச்சு “சாப்டியா”, “ஆச்சுங்க” அவ்வளவுதான். தீவு விளையாட நான் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அண்ணி என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எங்கே பதுங்குவது, எல்லாம் நான்.

இப்போது அந்தப் புதுக் கேம். பெயர் வாயில் நுழையவில்லை. ஐவர் என்று எழுதுகிறேன்.

தீவு: நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறோம். வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி பொறுக்க வேண்டும். வட்டம் சுருங்கும், வெளியே நின்றால் விஷப்புகை. மலை உண்டு, ஆறு உண்டு, ஜீப் உண்டு. அண்ணி ஓட்டுவார், நான் பக்கத்தில்.

ஐவர்: இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு பக்கம் குண்டு வைக்க வேண்டும், மறுபக்கம் தடுக்க வேண்டும். நாலு சந்து, ஒரு குடோன். ஜீப்பாவது ஒன்றாவது.

முக்கியமான வித்தியாசம். தீவில் அடிபட்டால் உடனே சாக மாட்டோம். தவழ்வோம். ஜோடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பத்து விநாடி தூக்கிவிட வேண்டும். அண்ணி எத்தனை தடவை வந்து தூக்கியிருக்கிறார். ஐவரில் செத்தால் செத்ததுதான். சுற்று முடிகிற வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். இதெல்லாம் ஒரு கேமா?

கேட்டேன். “அதுல என்னங்க அண்ணி இருக்குது?”

“எங்க ஸ்கூலு கபடி டீமு பாப்பா. கல்யாணம் ஆகி ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டோம். ஓசூரு, கோலாரு, பெங்களூரு. இப்ப அஞ்சு பேரு சேந்துட்டோம். கல்பனாதான் கேப்டனு, அப்பவும் இப்பவும்.”

கல்பனா. அண்ணி அந்தப் பெயரைச் சொல்லும்போது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இனி இங்கே க. என்று மட்டும்தான் எழுதுவேன்.

ஜூன் 6, வெள்ளி

மதியம் தருமபுரியில் நல்ல மழை. லேபில் கரண்ட் போய்விட்டது. டிபன் பாக்ஸில் அண்ணி வைத்த எலுமிச்சை சாதம். உப்பு குறைவு. மனசு வேறெங்கோ இருந்தால் உப்பு எப்படிச் சரியாக விழும்.

மாலை அண்ணி அறையிலிருந்து: “பேகா பா! பேகா!” சீக்கிரம் வா என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும். அப்புறம் ஏதோ சொல்லி ஒரே சிரிப்பு. அது புரியவில்லை. என்னைப் பற்றியா?

ரௌட்டர் என் அறையில் இருக்கிறது. நான் டிப்ளமோ படித்தபோது போட்ட கனெக்சன். வீட்டுக்குள் டவர் எடுக்காது, எல்லாருக்கும் இந்தப் பெட்டிதான்.

சுவிட்சை அணைத்தேன். நூறு எண்ணினேன். போட்டேன்.

அம்மா: “என்னாடி இது, சீரியலு சுத்திக்கிட்டே நிக்குது?” அண்ணி: “அத்தை, நெட்டு போச்சுங்க!” நான் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி என் கதவில். “தீவுக்குப் போலாமா பாப்பா? அரை மணி நேரத்துக்கு அதுல உள்ள வுட மாட்டான்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு? போனோம். ஜீப்பில் ஆற்றோரம் சுற்றினோம். கடைசி ஏழு ஜோடிகளில் ஒன்றாக வந்தோம். நல்ல நாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அண்ணனும் அண்ணியும் பென்னாகரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தார்கள். எனக்குப் பிடிக்கும் என்று அண்ணி பாக்குமட்டைத் தட்டில் பாதுஷா கட்டிக்கொண்டு வந்தார். அதைத் தின்று முடித்து ஒரு மணி நேரத்தில் மறுபடி சுவிட்சை அணைத்தேன். என்ன ஜென்மம் நான்.

இந்த முறை இரண்டு மணி நேரம் உள்ளே விட மாட்டானாம். பரவாயில்லை. தீவில் மூன்று ஆட்டம்.

ஜூன் 9, திங்கள்

மூன்றாம் தடவை. அண்ணி வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“ஒரு நாளு தடை போட்டுட்டான் பாப்பா. பாதியில போனா தடை. ஒவ்வொரு வாட்டியும் ஏத்திக்கினே போறான்.”

தீவில் அப்படி ஒன்றும் கிடையாது. நூறு பேரில் ஒருத்தி காணாமல் போனால் யார் தேடப் போகிறார்கள். ஐவரில் ஒரு ஆள் குறைந்தால் மற்ற நாலு பேரும் தோற்பார்கள், அதனால் தண்டனை. யோசித்தால் நியாயம்தான். யோசிக்கப் பிடிக்கவில்லை.

“க. திட்டினாங்களா?” என்று கேட்க நினைத்தேன். கேட்டேனா? இல்லை.

ஜூன் 11, புதன்



தடை முடிந்து இன்று ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். அண்ணி “கல்பு, கல்பு” என்று நிமிஷத்துக்கு நாலு தடவை. என்னை ஒரு நாளைக்கு நாலு தடவை பாப்பா என்று கூப்பிட்டால் அதிகம். மிஞ்சினால் இரண்டு நாள் தடை வரும் என்று தெரிந்தே அணைத்தேன். தெரிந்தே. இதை எழுதி வைக்க வேண்டும்.

ஏழு நாள் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி சாயங்காலம் வரை.

அண்ணி தீவுக்குக் கூப்பிடவில்லை. கத்தவும் இல்லை. பின்பக்கம் தொட்டியடியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கழுவி வைத்த காய் முடிந்த பிறகும் கத்தி கையில் இருந்தது.

“என்னங்க அண்ணி, ஏழு நாளுதானே?”

“கல்பனா பதினேழாந்தேதி மஸ்கட்டு போறா. அவ வூட்டுக்காரரு அங்கதான். அங்க போனா இவளுக்கும் ஷிப்ட்டு வேலை. இனிமே ஆட முடியாதுன்னு தான் இந்த ரெண்டு வாரம் தெனமும் ஆறு மணிக்குன்னு பேசி வெச்சிருந்தோம்.”

“என்கிட்ட சொல்லவே இல்லீங்களே.”

“கன்னடத்துல பேசுனாலே மூஞ்சத் திருப்பிக்கிறே. உன்கிட்ட என்னான்னு சொல்றது?”

புது ஐ.டி. எடுக்கலாமே என்றேன். இருபதாம் லெவல் வந்தால்தான் அவர்களோடு சேர முடியுமாம். அதற்கு நாள் முழுக்க ஆட வேண்டும், யார் அடுப்பைப் பார்ப்பது என்றார்.



ஜூன் 12, வியாழன்

ஐவரை என் போனில் ஏற்றிவிட்டேன். புது ஐ.டி. ஒன்றாம் லெவல். பதினாறாம் தேதி மாலைக்குள் இருபது.

பஸ்ஸில் போகும்போது இரண்டு ஆட்டம். மதியம் ரத்தக் குப்பிகள் மெஷினில் சுழல்கிற நேரத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் முதலில் செத்தது நான். முகம் தெரியாத ஒருவன் மைக்கில் கேட்டான்: “யாருப்பா இது, நடக்கக் கத்துக்கிட்டு வரக் கூடாதா?”

தீவில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று இவனுக்கு யார் சொல்வது.

ஜூன் 14, சனி

ஒன்பதாம் லெவல். கட்டைவிரல் வீக்கம். விடியற்காலை ஐந்துக்கே எழுந்து ஆடுவதைப் பார்த்து அம்மா: “பரிச்சைக்கு இப்பிடி எந்திரிச்சிருந்தா இன்னேரம் கவர்மெண்டு வேலையில இருந்திருப்பே.”

ஒன்று புரிந்தது. செத்த பிறகு சும்மா கிடப்பதில்லை. உயிரோடு இருக்கிற கூட்டாளியின் கண் வழியாகப் பார்க்கிறோம். அவள் எந்த மூலையைப் பார்க்கிறாள், எங்கே தயங்குகிறாள், எல்லாம். கபடியில் அவுட்டானவள் கோட்டோரம் உட்கார்ந்து கத்துகிற மாதிரி. தீவில் அண்ணி என்னைத் தூக்கியிருக்கிறார். ஆனால் அண்ணி எதைப் பார்க்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. க. தினமும் பார்த்திருக்கிறாள்.

பொறாமை குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பதினைந்து. கண் எரிகிறது. லேபில் மாதம் ஒரு நாள் போடுகிற லீவை நாளைக்கே போட வேண்டும். காரணம்: வயிற்று வலி.

ஜூன் 16, திங்கள்

இருபது. மாலை ஐந்தே முக்கால்.

போனைக் கொண்டுபோய் அண்ணியிடம் நீட்டினேன். “இந்தாங்க. இருபதாவது லெவலு. கூப்பிடுங்க அவங்கள.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு ஐ.டி. இது?”

“உங்களுக்காக எடுத்தது. அண்ணி, நெட்டு போவல. நான்தான் சுவிட்ச அணைச்சேன். நாலு வாட்டியும்.”

“தெரியும்.”

“எப்பிடிங்க?”

“நெட்டு போனா அத்தை கத்துறாங்க, நான் கத்துறேன். உன் ரூமுலயும் தானே போவுது? நீ ஒரு நாளும் வெளிய வந்து என்னாச்சுன்னு கேக்கல. கடைசி நாளு தான் எனக்கே அது ஒறைச்சுது.”

“அப்பறம் ஏங்க சொல்லல?”

“சொன்னா அத்தைக்குத் தெரியும், உங்கண்ணனுக்குத் தெரியும். ஒரு கேமுக்காக வூடு ரெண்டாவணுமா?” ஹெட்செட்டை எடுத்தார். “கோவம் இருக்குது பாப்பா. இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்ப தள்ளு, அவங்க வந்துட்டாங்க.”

என் அறைக்குப் போய் ரௌட்டர் பக்கத்திலேயே நின்றேன். சட்னிக்கு மிக்ஸி போடப் போன அம்மாவை, ஃபியூஸ் போய்விடும் என்று தடுத்தேன். “உனக்குப் பேய் கீய் புடிச்சிருக்குதா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஒரே கூச்சல். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து ஐந்து பொம்மைகளும் வரிசையாக நிற்கிற திரை. ஒருத்தியும் வெளியேறவில்லை. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நிற்பது என் பொம்மை, என் போன், ஐந்து நாள் என் கட்டைவிரல். ஆனால் அந்த வரிசையில் நான் இல்லை.

எரிந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கல்பனா விடியலில் விமானம் ஏறிவிட்டாள். அண்ணி என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. சார்ஜர் வயர் வாங்கி வந்து அண்ணி கட்டிலில் வைத்தேன். ரௌட்டரைக் கழற்றி ஹாலில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அம்மா ஏன் என்று கேட்டார். அங்கே சூடாகிறது என்றேன்.

ஜூன் 18, புதன்

லேபில் கூட்டம் இல்லை. சீக்கிரம் வந்துவிட்டேன். அண்ணியின் தடை ஆறு மணிக்கு முடிந்தது. தீவைத் திறந்து தனியாகக் குதிக்கப் போனேன். கதவில் அண்ணி.

“ஒரு ஆளு கொறையுது. வா.”

“எனக்கு அந்த கேமு புடிக்காதுங்க.”

“அஞ்சு நாளு புடிச்சுதா ஆடுன? வா.”

போனேன். ஒரே கட்டில், இரண்டு பேர், இரண்டு போன். மற்ற மூவரும் எனக்காகத் தமிழில் தடுமாறினார்கள். முதல் இரண்டு சுற்றிலும் நான்தான் முதலில் செத்தேன். கிடந்தபடி அண்ணியின் கண் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு சந்திலும் திரும்புவதற்கு முன் ஒரு தடவை பின்னால் பார்க்கிறார். அங்கே யாரோ வருவார்கள் என்ற மாதிரி.

மூன்றாவது சுற்று. குடோனுக்குள் அண்ணி முன்னே, நான் பின்னே. ஆட்ட வேகத்தில் அண்ணி கத்தினார்: “கல்பு, ஹிந்தெ நோடு!”

பின்னால் பார் என்று அர்த்தம். கல்பு அங்கே இல்லை. நான் திரும்பினேன். ஒருவன் நின்றிருந்தான். சுட்டேன்.