உப்பு மூட்டை

கார்த்திகை 6, சனி

காலையிலிருந்து தூறல், மதியம் நின்றது. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நாளை பிள்ளைகளுக்கு மலையில் மொட்டை. கவினுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது வேண்டிக்கொண்டது. யாழினிக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. ஆனால் தம்பிக்கு எது கிடைத்தாலும் அவளுக்கும் கிடைத்தாக வேண்டும், மொட்டையாக இருந்தாலும் சரி. ஏழு வயதுக்கு இவ்வளவு கணக்கு!

எடுத்து வைக்க: துண்டு, குல்லா, மாற்றுச் சட்டை, புளிசாதம், தண்ணீர், கொசு மருந்து.

கொசு மருந்து எதற்கென்றால், சாமி பார்த்த கையோடு டிரெக்கிங் போக வேண்டுமாம். மலைக்கு அந்தப் பக்கத்து ஏரி நிரம்பி வழிகிறதாம். யாரோ வெள்ளைக்காரக் குடும்பம் குழந்தை குட்டியோடு ஏரியைச் சுற்றி நடப்பதைப் போனில் பார்த்ததிலிருந்து பாவாவுக்கு இந்தப் பைத்தியம்.

"அவுங்க பூட்ஸ் போட்டுகினு போறாங்க பாவா. நம்ம கிட்ட ரப்பர் செருப்புதான் கீது."

"காலு அதே காலுதானே" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் பேசி ஜெயித்ததில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மலையில் நல்ல கூட்டம். மொட்டை போடும் இடத்தில் கவின் ஊரைக் கூட்டினான். யா. கண்ணாடி பார்த்த பிறகுதான் அழுதாள். சந்தனம் பூசினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டை, சந்தனம். யாருடைய பையனையோ "வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பிறகு ஏரி. ஸ்கூட்டியில் நாலு பேர். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகு. மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கிறது. கரை முழுக்கப் பனைமரம். கவின் தலை அரிக்கிறது என்று அழுதான், கரையில் உட்காரவைத்து இரண்டு தலையையும் கழுவித் துடைத்துவிட்டேன். சந்தனம் சுத்தமாகப் போனது. இதை எழுதி வைப்பது முக்கியம்.

கரை முடிந்ததும் மலையடி. ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். பாவா முன்னால், அவர் பின்னால் யா., கடைசியில் நானும் கவினும். கவினுக்கு ஒன்றுக்கு வந்தது. பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். "நீங்க போய்கினே இருங்க" என்று கத்தினேன். பாவாவுக்குக் கேட்டது என்றே நினைத்தேன். கவின் அங்கே ஒரு மரவட்டையைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க மறுத்தான்.

வளைவு தாண்டினால் கலங்கல். ஏரி நிரம்பி வழிகிற இடம். கல் கட்டின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாவா அங்கே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"டேய் கவினு, இப்பத்தானே எறக்கி வுட்டேன்? அதுக்குள்ள எப்டிரா அம்மா கிட்ட ஓடின?"

"இவன் என்கூடத்தான் இருந்தான்" என்றேன்.

"வெளையாடாத."

"ஐயோ, நெஜமா பாவா."

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். கவின் எப்போதும் அப்படித்தான், வாயால் கேட்கமாட்டான், சட்டையை இழுப்பான். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து முதுகைக் காட்டுவார், அவன் ஏறிக்கொள்வான். உப்பு மூட்டை. எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. இன்றும் குனிந்தார், ஏறியது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலையைத் தடவியிருக்கிறார். மொட்டைத் தலை. பிறகு என்ன சந்தேகம் வரும்? பாட்டுப் பாடிக்கொண்டு நடந்திருக்கிறார். கலங்கலுக்கு வந்ததும் காலை உதைத்ததாம், இறக்கிவிட்டார். யா. வழுக்கி விழப்போகிறாள் என்று அவள் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான்.

யா.வைக் கேட்டோம். "தெரில" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சட்டையின் முதுகில் சந்தனம். ஈரமாக.

தேடினோம். கூப்பிடுவதற்குப் பெயர்கூட இல்லை. "கண்ணு", "பாப்பா", "டேய் தம்பி" என்று மலையைப் பார்த்துக் கத்தினோம். எருமை ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார்கள்.

"கொழந்தையா? அதான் இவுரு முதுவுல ஏறிகினு போச்சே" என்றார்கள்.

"அது எங்க புள்ள இல்லீங்க."

"ஆங்? உன் புள்ள இல்லன்னா இன்னாத்துக்குத் தூக்கினு போனாரு?" எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எருமையை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவா கலங்கலுக்குக் கீழே ஓடையில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் துழாவினார். பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடாது என்று இருவர் முகத்தையும் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் அகப்படவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

"புள்ளய காணோம்னு யாரும் வரலியே. உங்க புள்ளைங்க ரெண்டும் கீதில்ல? வூட்டுக்குப் போங்க சார்" என்றார் அங்கிருந்தவர். போன் நம்பர் எழுதிக்கொண்டார், அதுவே பெரிது.

கார்த்திகை 8, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. பாவாவின் சட்டையைத் துவைக்க எடுத்தேன், வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

விடிவதற்குள் ஏரிக்குப் போய்விட்டு வந்தார். அரக்கோணம் ரயில் போய்விட்டது, வேலைக்கு மட்டம்.

எனக்குத் தோன்றுவதைச் சொன்னேன். நம்மைப் போல மொட்டை போட்டுவிட்டு ஏரி பார்க்க வந்த யாருடையதோ பிள்ளை. விளையாட்டுக்கு ஏறியிருக்கும். அதன் அப்பா அம்மா முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பார்கள், இறங்கி ஓடிப்போயிருக்கும். காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்காதது நல்லதுக்குத்தானே?

"தேடினு வர்றதுக்கு ஒரு ஆள் இருந்தா புகார் வந்திருக்கும்" என்றார். "வரலன்னா? அதுக்கு யாருமே இல்லன்னுதானே அர்த்தம்? நான் ஒருத்தன்தான் இருந்தேன். நானும் தண்ணி கிட்ட எறக்கி வுட்டுட்டு வந்துட்டேன்."

சாப்பாடு அப்படியே இருந்தது.

பால், பச்சை மிளகாய், யா. ஸ்கூலுக்கு லீவு லெட்டர்.

கார்த்திகை 9, செவ்வாய்

நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் இன்று நல்ல கூட்டம், தாலுகா ஆபீஸில் ஏதோ கேம்ப். மதியம் ஆள் குறைந்ததும் பாவா கேட்டபடி நோட்டீஸ் டைப் அடிக்க உட்கார்ந்தேன். "காணவில்லை" என்று போட்டேன். பெயர்? தெரியாது. போட்டோ? முகத்தையே பார்க்கவில்லை. ஆணா பெண்ணா? தெரியாது. வயது நாலு இருக்கலாம். அடையாளம்: மொட்டைத் தலை, சந்தனம். திருத்தணியில் ஞாயிற்றுக்கிழமை இந்த அடையாளத்தோடு எத்தனை பிள்ளைகள்!

சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

கடை முதலாளி பாய் எட்டிப் பார்த்தார். படித்தார். "புள்ள தொலைஞ்சா நோட்டீஸ் போடுவாங்க. கெடச்சாலும் போடுவாங்க. இது ரெண்டுல ஒண்ணும் இல்லியேமா" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். நோட்டீஸ் அடிக்கவில்லை. பாவாவிடம் மெஷின் ரிப்பேர் என்று பொய்.

கார்த்திகை 10, புதன்

மழை. வாசலெல்லாம் சேறு.

சாயங்காலம் கவின் பின்னால் வந்து பாவாவின் சட்டையை இழுத்தான். தேள் கொட்டியது போலத் துள்ளித் திரும்பினார். பிள்ளை பயந்து வீறிட்டான். பிறகு இவரே மண்டிபோட்டு அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி முகத்தைப் பார்த்தார். காது, மூக்கு, புருவத்துத் தழும்பு, எல்லாம். பார்த்து முடித்த பிறகுதான் தூக்கினார், அதுவும் முன்பக்கமாக.

பெற்ற பிள்ளையைச் சரிபார்த்துத் தூக்குகிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இது நம்ம கவினு. இன்னாத்த பாத்துகினு கீறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அந்தக் குழந்தை பேயா மனுஷப் பிள்ளையா என்பது எனக்குப் பெரிதில்லை. மனுஷப் பிள்ளை என்றால் நெஞ்சு வெடிக்கும், பேய் என்றால் நடுங்கும். இரண்டையும் தாங்குவேன். இந்த மனிதர் அந்தக் கலங்கலிலேயே நின்றுவிட்டார், எங்களிடம் திரும்பி வரவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கார்த்திகை 11, வியாழன்

மொட்டைத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். யா. தானாகவே சொன்னாள்.

"அம்மா, அது தம்பி இல்லன்னு எனக்குத் தெரியும்."

கை நின்றுவிட்டது. "எப்டிடி தெரியும்?"

"காலுல செருப்பு இல்ல. காலு வெள்ளையா ஊறிகினு இருந்துச்சு. ரொம்ப நேரம் குளிச்சா ஆவும்ல, அந்த மாதிரி."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"நைனா பாட்டு பாடிகினு போனாங்க. அதுவும் நைனா முதுவுல சாஞ்சுகினு கேட்டுச்சு." எண்ணெய் பாட்டில் மூடியைத் திருகினாள். "கலங்கல் வந்ததும் நைனாவுக்குக் கேக்காம நான்தான் எறங்குன்னு சொன்னேன். இது எங்க நைனா, நீ உங்க நைனா கிட்ட போன்னு சொன்னேன். எறங்கிடுச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போல. தண்ணியிலயே நின்னுச்சு. அப்றம் உக்காந்துகிச்சு. அப்றம் தெரில."

கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்தால் எப்படித் தெரியாமல் போகும்?

நைனாவிடம் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள். பிறகு, "அது அழல. திட்டினா அழுவாங்கல்ல? அழவே இல்ல" என்று சொல்லி இவள் அழுதாள். நானும்.

கார்த்திகை 13, சனி

நேற்று எழுதவில்லை. பாவா ரேஷன் கடை வரிசையில் நின்றவர் பாதியில் விட்டுவிட்டு ஏரிக்குப் போய்விட்டார். கவின் இப்போது சட்டையை இழுப்பதில்லை. தூரத்தில் நின்று "நைனா" என்று கூப்பிடுகிறான், வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி.

யா. நாளைக்கு எல்லோரும் ஏரிக்குப் போகலாம் என்கிறாள். வேண்டாம் என்றேன். "நான்தானே போன்னு சொன்னேன், நான்தான் கூப்டணும்" என்கிறாள். இந்தக் கணக்கும் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

கார்த்திகை 14, ஞாயிறு

வெயில், காற்றே இல்லை. போனோம்.

கரை, பனைமரம், முள் பாதை. போன ஞாயிறு நடந்த அதே வழி. இந்த முறை கவினின் கையை நான் விடவில்லை. பாதை குறுகும் இடத்தில் யா. நின்று, எல்லாவற்றையும் நைனாவிடம் சொல்லிவிட்டாள். வெள்ளைக் கால், எறங்குன்னு சொன்னது, உக்காந்தது. அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு மலையைப் பார்த்துத் திரும்பி, குனிந்து, முதுகைக் காட்டினார்.

யா. ஏரியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வா, ஏறிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தண்ணீர் அசையவில்லை. பறவைச் சத்தமும் நின்றிருந்தது. கவின் என் கையை இறுக்கினான். எனக்கு அந்த முதுகைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவா எழுந்தார். சும்மா எழுகிற மாதிரி இல்லை. முழங்காலில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு எழுந்தார். நடக்க ஆரம்பித்தார். மெதுவாகப் பாடினார். ஒரு வாரமாகக் கேட்காத குரல். நான் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டேன். கலங்கலில் அவர் நிற்கவில்லை.

ஸ்கூட்டி நிற்கும் இடத்தில் கைகளைப் பின்னாலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நீ புள்ளைங்கள ஏத்தினு போ. நாங்க நடந்தே வர்றோம்."

வளைவில் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். கண்ணாடியை மடக்கிவிட்டேன்.

விளக்கு ஏற்றியாயிற்று. சோறு வடித்தாயிற்று. அவர் வந்தால் போதும் என்று ஒரு மனம். கூட வருவதை எங்கே படுக்க வைப்பது என்று இன்னொரு மனம். யா. எங்களுக்கு நடுவில் ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, தானாகவே விரித்தாள். கவின் என் மடியில் தூங்குகிறான்.

கேட் சத்தம்.

வாசலில் பாவாவின் குரல்: "தலைய குனிஞ்சுக்கோ கண்ணு, நிலை இடிக்கும்."