குதிரைவாலி மருந்தில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுதேன். இங்கன ஜெர்மனியில நான் சுகம். நீங்க சுகமான்னு கேட்கத்தான் பயமா இருக்கு.

நீங்க குடுத்துவிட்ட நம்ம காட்டுக் குதிரைவாலியை நேத்து லேப் மிஷின்ல பார்த்தேன். மாவுச்சத்தை உடைச்சுக் கரைச்சு ஊத்தினா, ஒவ்வொரு சர்க்கரையையும் பிரிச்சு எடைபோட்டுச் சொல்லும். அரிசியைவிடச் சர்க்கரை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

அதைச் சொல்லப் போன் போட்டா அம்மா அழுதா. "குதிரைவாலி போதும், எம்மக மிஷினே சொல்லும்"னு நீங்க சுகர் மாத்திரையை நிறுத்தி மூணு மாசமாம். கால் பெருவிரல் கருத்துப்போச்சாம்.

நீங்க போன்ல பேச மாட்டேங்கீங்களாம், அதான் எழுதி வாட்சப்ல அனுப்புதேன். அண்ணனோட இன்னைக்கே கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. செருப்பில்லாம நடக்காதீங்க. விரலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னா எடுத்திருங்கப்பா. நான் வாரதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்க மக,
செல்வி