அண்ணியின் வயிற்றுக்கட்டு

அக்கா,

இன்று சாயந்திரம் அண்ணியின் மடியிலிருந்து குழந்தையை வாங்கும்போது, சாம்பிராணிப் புகையையும் தாண்டி அந்த வாடை வந்தது. ஈரத்துணியும் சீழும் கலந்த வாடை. போன வருஷம் உன் பக்கத்தில் படுத்திருந்தபோது வந்த அதே வாடை.

அண்ணிக்கும் உன்னைப் போல ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அண்ணிக்கும் அம்மா பழைய புடவையைக் கிழித்துத் தையல் மேலேயே வயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். "கட்டாம வுட்டா வவுறு தொங்கிப் பூடும்" என்று அதே பேச்சு. நீயாவது அப்போது சிரித்தாய். "ஹார்பர் மூட்டை மாதிரி கட்டிட்டாங்கடி. என்னைக் கப்பல்ல ஏத்தப் போறாங்களா இன்னா?" என்றாய். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாய்.

அந்தக் கட்டை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. உடம்பு கொதித்தபோது, பால் கட்டிய காய்ச்சல் என்று மார்புக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கத்தினார். நீ திரும்பி வரவில்லை. உன் மகன் ராயபுரத்தில் மாமா வீட்டில் சுவரைப் பிடித்து நிற்கிறான். யாரைப் பார்த்தாலும் அம்மா என்கிறான்.

இன்று அண்ணிக்குக் காய்ச்சல்.

"ஜொரம் வந்தா ஒடனே இட்டாரச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்களேம்மா?" என்று கேட்டேன்.

"பால் கட்டிக்கினு கீது. ஸ்கூலு படிக்கிற பொண்ணு, உனக்கு இன்னாடி தெரியும்? போய்ப் படி."

ஆத்திரமாக வருகிறது, அக்கா. அண்ணிக்கு வந்தது பால் காய்ச்சல் இல்லை என்று ஒப்புக்கொண்டால், உனக்கு வந்ததும் இல்லை என்றாகிவிடும். அம்மாவால் அதைத் தாங்க முடியாது. அதனால்தான் இந்த அடம். அதற்காக இன்னொரு குழந்தை சுவரைப் பிடித்து நிற்க வேண்டுமா?

எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணியின் நெற்றியைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே, "அவுத்து வுடு பாப்பா, முடியல" என்றாள். அவிழ்த்தேன். தையலில் ஒட்டியிருந்த துணி பிய்த்துக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் சிவந்து வீங்கியிருக்கிறது.

உன் மேல் கை வைத்துப் பார்த்த சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அண்ணியின் சூடும் அதேதான். விடிந்தால் அண்ணன் எண்ணூருக்கு லாரி எடுத்துக்கொண்டு போய்விடுவான். இப்போதே அவனை எழுப்பி, அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லப் போகிறேன். அம்மா விழித்துக்கொண்டு கத்தினால், இந்த வீட்டில் யாரும் சொல்லாத உன் பெயரைச் சத்தமாகச் சொல்வேன்.